நத்தம் மனை, பால் பணம், எட்டு லட்சம் கடன்

வாசகர் கடிதம் (சுருக்கம்): செஞ்சி பக்கத்தில் ஒரு கிராமம். வயது 38. நான்கு கறவை மாடு, ஒன்றரை ஏக்கர் புஞ்சை, ஒரு லோடு ஆட்டோ. மனைவி தையல் வேலை செய்கிறார், மகளிர் குழுவிலும் இருக்கிறார். மாட்டுத் தீவனம், டீசல் எல்லாம் போக மாதம் 32,000 ரூபாய் கையில் நிற்கும். ஆட்டோவுக்கு இன்னும் எட்டு மாதம் 7,500 ரூபாய் தவணை இருக்கிறது. தாத்தா காலத்து ஓட்டு வீட்டை இடித்துவிட்டு 600 சதுர அடியில் கான்கிரீட் வீடு கட்ட வேண்டும். மேஸ்திரி 12 லட்சம் சொல்கிறார். கையில் 3 லட்சம் உண்டு, எட்டு லட்சம் கடன் வேண்டும். மனை கிராம நத்தம், பட்டா இறந்துபோன தாத்தா பெயரில். டவுனில் உள்ள வங்கியில் "மூலப்பத்திரம் இல்லை, வருமான வரி கணக்கு இல்லை" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஒரு ஃபைனான்ஸ் கம்பெனி ஏஜென்ட் "9 சதவீதம், பத்து நாளில் பணம், 2.67 லட்சம் மானியமும் வாங்கித் தருகிறேன்" என்கிறார். ஊர் கூட்டுறவு சங்கத்தில் வீட்டுக்கடன் உண்டா? இல்லை, நகையை வைத்தே கட்டிவிடலாமா?

அன்புள்ள தம்பிக்கு,

ஏஜென்ட்டிடம் இன்னும் எதிலும் கையெழுத்துப் போடவில்லை என்று நினைக்கிறேன். போடவில்லை என்றால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. அவரைப் பற்றிப் பிறகு பேசலாம். முதலில் உங்கள் மனை.

டவுன் வங்கி உங்களைத் திருப்பி அனுப்பியதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. கூட்டுறவு வங்கிக்குப் போயிருந்தாலும் இன்றைய நிலையில் அதே பதில்தான் வந்திருக்கும். கடன் கொடுப்பவரை மாற்றினால் காரியம் நடக்கும் என்று பலர் அலைகிறார்கள். உங்கள் விஷயத்தில் தடை காகிதத்தில் இருக்கிறது. வீடு கட்டப்போவது நீங்கள், பட்டா தாத்தா பெயரில், அவரோ உயிரோடு இல்லை. இந்த மனையை யார் யாருக்கு ஈடாகக் கொடுக்க முடியும்? அதைத்தான் வங்கி வக்கீல் கேட்கிறார்.

கிராம நத்தம் என்றாலே அரசு நிலம், கடன் கிடைக்காது என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அது சரியில்லை. நத்தம் என்பது ஊர் மக்கள் குடியிருக்க ஒதுக்கப்பட்ட இடம். தலைமுறையாக வீடு கட்டி இருப்பவருக்கு அதில் உரிமை உண்டு என்று சென்னை உயர் நீதிமன்றம் பல தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது. நத்தம் நிலவரித் திட்டத்தில் அளந்து முதலில் தோராயப் பட்டா, விசாரணைக்குப் பிறகு தூய பட்டா என்று கொடுத்தார்கள். உங்கள் தாத்தா பெயரில் இருப்பது எது என்று எடுத்துப் பாருங்கள். தோராயப் பட்டாவாக இருந்தால் தாலுகா அலுவலகத்தில் அதை முதலில் சரி செய்ய வேண்டும். நத்தத்தில் வங்கிக்கு உள்ள சிக்கல் வேறு. யாரிடமிருந்து யார் வாங்கினார் என்று சொல்லும் பத்திரச் சங்கிலி அங்கே இருக்காது. சொத்தின் பேரில் பதிவான பத்திரங்களைக் காட்டும் வில்லங்கச் சான்றை 30 வருடத்துக்குப் போட்டால் வெறுமையாக வரும். வக்கீலுக்குப் பிடித்து நிற்க ஒரு கொம்பு வேண்டும். அதை நீங்களே உண்டாக்கலாம்.

எப்படி என்றால், தாத்தாவுக்கு வாரிசுச் சான்றிதழ் வாங்குங்கள். பாட்டியும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள், ஆகவே அப்பாவும் இரண்டு அத்தைகளும்தான் வாரிசு. "அத்தைகளைக் கட்டிக் கொடுத்து நாற்பது வருஷம் ஆயிற்று, அவங்க கேட்க மாட்டாங்க" என்று கடிதத்தில் ஒரு வரி போட்டிருக்கிறீர்கள். கேட்பார்களா என்பது வேறு, உரிமை இருக்கிறதா என்பது வேறு. 1956 வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த தகப்பனின் சொந்தச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு. கல்யாணம் ஆகிவிட்டது என்பதால் அது போய்விடாது. அதனால் அத்தைகள் இருவரும் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்து அப்பா பெயருக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். பிறகு அப்பா பணம் வாங்காமல் மனையை உங்கள் பெயருக்குத் தானசெட்டில்மென்ட் எழுதலாம். இரண்டையும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள். குடும்ப உறுப்பினர்களுக்குள் எழுதும் இந்தப் பத்திரங்களுக்கு முத்திரைத்தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000. 2023 ஜூலையில் உயர்த்திய பிறகு உள்ள நிலவரம் இது. கிராம நத்தத்துக்கு வழிகாட்டி மதிப்பு, அதாவது பதிவுக்காக அரசு வைத்திருக்கும் விலை, பொதுவாகக் குறைவுதான் என்பதால் உச்சவரம்பு வரை போக வாய்ப்பில்லை.

அப்பா திடமாக இருக்கும்போதே இதைச் செய்துவிடுங்கள். அண்ணன் தங்கை என்கிற உறவில் எழுதுவதற்கும், அத்தை நேராக உங்களுக்கு எழுதுவதற்கும் கட்டணத்தில் பெரிய வித்தியாசம் வரும். இன்னொன்று, பத்திரம் எழுதுபவர் பழக்கத்தில் "பெற்றோர் ஆயுள் வரை அனுபவிக்கும் உரிமை" என்று ஒரு வரி சேர்த்துவிடுவார். நல்ல எண்ணத்தில்தான் எழுதுவார், ஆனால் ஆயுள் பாத்தியதை உள்ள சொத்தை வங்கிகள் ஈடாக எடுக்கத் தயங்கும். அப்பா அம்மாவின் பாதுகாப்புக்கு வேறு ஏற்பாடு வேண்டுமென்றால் அப்பாவையும் கடனில் கூட்டுக் கடன்தாரராகச் சேர்க்கலாம். உங்கள் தங்கையிடமும் முன்கூட்டியே உட்கார்ந்து பேசிவிடுங்கள். விடுதலைக்குப் பிறகு அது அப்பாவின் சொத்து, அவர் யாருக்கும் கொடுக்கலாம், தங்கை கையெழுத்து சட்டப்படி தேவையில்லை. ஆனால் பூமி பூஜை அன்றைக்குத் தெரிய வந்தால் வீட்டில் என்ன நடக்கும் என்று உங்களுக்குத்தான் தெரியும்.

பத்திரம் முடிந்ததும் பட்டாவை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். வீட்டு வரி ரசீது, மின் இணைப்பு இரண்டையும் மாற்றுங்கள். தாத்தா காலத்து பழைய வரி ரசீது ஒன்றையும் எறிந்துவிடாதீர்கள். நத்தத்தில் மூலப்பத்திரத்துக்குப் பதிலாக அனுபவத்தைக் காட்டும் சான்று அவைதான்.

ஒன்றரை ஏக்கர் புஞ்சையை ஈடாகக் காட்டினால் சுலபமாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆகாது. கடன் நின்றுபோனால் நீதிமன்றம் போகாமலே ஈட்டைக் கையகப்படுத்த வங்கிகளுக்கு 2002இல் வந்த சர்ஃபாசி சட்டம் அதிகாரம் கொடுக்கிறது. விவசாய நிலத்துக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. அதனால்தான் வீட்டுக்கடனுக்குப் புஞ்சையைக் காட்டினால் மேலாளர் முகம் மாறுகிறது. உங்கள் நல்லதுக்கும் சொல்கிறேன், நிலத்தை இதில் இழுக்காதீர்கள்.

சரி, யாரிடம் போவது?

உங்கள் ஊரில் இருப்பது தொடக்க வேளாண்மை கூட்டுறவு கடன் சங்கம். நம் மாநிலத்துக்கு இதில் நீண்ட சரித்திரம் உண்டு, 1904லேயே திரூரில் சங்கம் தொடங்கியாகிவிட்டது. ஆனால் இந்தச் சங்கங்களின் அன்றாட வேலை பயிர்க்கடன், நகைக்கடன், உரம், ரேஷன். எட்டு லட்ச ரூபாய் வீட்டுக்கடனை பதினைந்து வருடத்துக்குக் கொடுக்கும் வசதி பெரும்பாலும் அங்கே இருக்காது. நீங்கள் போக வேண்டிய இடம் அதற்கு மேல் படியில் உள்ள மாவட்ட மத்திய கூட்டுறவு வங்கியின் கிளை. பால் சங்கத்துப் பணம் அந்த வங்கிக் கணக்கில்தான் வரவாகிறது என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த வரி அதுதான். டவுன் வங்கி மேலாளர் வருமான வரி கணக்கைத் தேடினார், கிடைக்கவில்லை. இந்தக் கிளை மேலாளர் தன் கம்ப்யூட்டரைத் திருப்பினாலே மூன்று வருடமாக உங்களுக்குத் தவறாமல் வந்த பால் பட்டுவாடா வரிசையாக நிற்கும். நாட்டுப்புறத்து வங்கியால் உங்களுக்கு உண்மையான லாபம் இதுதான், வட்டி கூட இரண்டாவது. சம்பளச் சீட்டு இல்லாதவரின் வருமானம் அவர்கள் கண்ணுக்குத் தெரியும்.

2022 ஜூனில் ரிசர்வ் வங்கி இந்த வங்கிகளுக்கான வீட்டுக்கடன் வரம்பையும் ஏற்றியது. நிகர மதிப்பு (கடன் போக வங்கிக்குச் சொந்தமானது) 100 கோடிக்குக் கீழே உள்ள வங்கி ஒருவருக்கு 50 லட்சம் வரையும், அதற்கு மேல் உள்ளவை 75 லட்சம் வரையும் கொடுக்கலாம். உங்கள் எட்டு லட்சம் அவர்களுக்குச் சின்னத் தொகை. உறுப்பினராகப் பங்குத்தொகை கட்டச் சொல்வார்கள், கட்டுங்கள். ஒருவர் அல்லது இருவர் ஜாமீன் கேட்கலாம். சம்பளக்காரர் ஒருவர் சொந்தத்தில் இருந்தால் இப்போதே பேசி வையுங்கள்.

அதே வாரத்தில் தமிழ்நாடு கிராம வங்கிக்கும் ஒரு நடை போய் வாருங்கள். பல்லவன், பாண்டியன் என்று இருந்த இரண்டு கிராம வங்கிகள் 2019 ஏப்ரலில் இணைந்து உருவானது, தலைமையகம் சேலம். கிராமத்து ஆட்களுக்குக் கடன் கொடுப்பதற்கென்றே உள்ள வங்கி அது. இரண்டு இடத்திலும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: நத்தம் மனைக்கு உங்கள் வக்கீல் என்னென்ன காகிதம் எதிர்பார்ப்பார்? பத்திரம் எழுதுவதற்கு முன்பே இதைக் கேட்பது முக்கியம். எழுதி முடித்தபின் "இந்த வார்த்தை சரியில்லை, திருத்தல் பத்திரம் போடுங்கள்" என்றால் மறுபடி செலவு, அத்தைகளை மறுபடி வண்டி ஏற்றிக் கூட்டி வர வேண்டும்.

கூட்டுறவு வீட்டுவசதி சங்கம் என்று ஒன்று தாலுகா அளவில் இருக்கிறதே என்று உங்கள் மாமா சொன்னாராம். ஒரு காலத்தில் கிராமங்களில் வீடு கட்ட அதுதான் வழி, அவர் சொல்வது தவறில்லை. இப்போது பல சங்கங்கள் பழைய நிலுவை வசூலோடு நிற்கின்றன. போய் விசாரித்துப் பாருங்கள். ஆனால் புதிதாகக் கடன் கொடுத்து எவ்வளவு காலமாயிற்று, கடன் முடித்தவர்களுக்குப் பத்திரம் கைக்கு வந்ததா என்று ஊரில் கேட்டுவிட்டுப் பிறகு முடிவு செய்யுங்கள்.

அரசு வீட்டுத் திட்டங்களை இரண்டு வரியில் முடிக்கிறேன். கலைஞர் கனவு இல்லம் குடிசையில் இருப்பவர்களுக்கு, 360 சதுர அடி, 3.5 லட்சம். உங்களுடையது ஓட்டு வீடு, அதனால் அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

இப்போது அந்த ஏஜென்ட். 2.67 லட்சம் மானியம் என்று அவர் சொல்வது பிரதம மந்திரி வீட்டுத் திட்டத்தில் இருந்த பழைய வட்டி மானியம். உங்கள் வருமானப் பிரிவுக்கு அது 2022 மார்ச்சோடு முடிந்துபோயிற்று. பிறகு வந்த புதிய வட்டி மானியம் நகர்ப்புறத் திட்டத்தில் இருக்கிறது, அதன் உச்சமே 1.80 லட்சம்தான். முடிந்துபோன திட்டத்தைச் சொல்லி விற்கிறார் என்றால் மற்றதையும் அந்தக் கண்ணோடுதான் பார்க்க வேண்டும்.

9 சதவீதம் என்கிறாரே, அது எந்த 9 என்று கேளுங்கள். மீதி அசலுக்கு மட்டும் வட்டி போட்டால் எட்டு லட்சத்துக்குப் பதினைந்து வருடத்தில் மாதத் தவணை சுமார் 8,114 ரூபாய். அதே 9 சதவீதத்தை "ஃபிளாட்" என்று போட்டு, நீங்கள் அடைத்துவிட்ட அசலுக்கும் சேர்த்துக் கடைசி வரை வட்டி கணக்கிட்டால் தவணை 10,444 ஆகிவிடும். மாதம் 2,330 அதிகம், பதினைந்து வருடத்தில் நான்கு லட்சத்தைத் தாண்டும். உண்மையில் அது 13.6 சதவீத வட்டி. 9 என்ற எண்ணை வாயால் சொன்னதில் பொய் இல்லை, அதுதான் அதிலுள்ள சாமர்த்தியம்.

இதைப் பிடிக்க ஒரு கருவி உங்கள் கையில் இருக்கிறது. 2024 அக்டோபர் முதல் வங்கியோ ஃபைனான்ஸ் கம்பெனியோ, தனிநபர் கடன் எதுவானாலும், முக்கிய விவர அறிக்கை என்று ஒரு தாள் கொடுத்தே ஆக வேண்டும். உங்களுக்குப் புரிகிற மொழியில் கொடுக்க வேண்டும் என்பதும் ரிசர்வ் வங்கி விதி. வட்டி, செயல்முறைக் கட்டணம், வக்கீல் கட்டணம், காப்பீடு எல்லாவற்றையும் சேர்த்து ஆண்டுக்கு மொத்தம் எத்தனை சதவீதம் ஆகிறது என்று அதில் ஒரு எண் இருக்கும். ஏஜென்ட்டிடம் தமிழில் அந்தத் தாளைக் கேளுங்கள். கொடுத்தால் கூட்டுறவு வங்கியின் தாளோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கொடுக்காமல் இழுத்தால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

வீட்டுவசதி ஃபைனான்ஸ் கம்பெனிகளே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பத்திரச் சங்கிலி பலவீனமான இடத்திலும் துணிந்து கொடுப்பவர்கள் அவர்கள்தான், அந்தத் துணிச்சலுக்கு விலை வைக்கிறார்கள். அதே எட்டு லட்சத்துக்கு வட்டி 14 சதவீதம் என்றால் தவணை சுமார் 10,650. ஒன்பதோடு ஒப்பிட்டால் பதினைந்து வருடத்தில் நாலரை லட்சம் கூடுதல். உங்கள் காகிதத்தைச் சரி செய்ய ஆகும் செலவு இதில் பத்தில் ஒரு பங்கு கூட வராது. வேறு வழியே இல்லாதவருக்கு அந்தக் கடன். உங்களுக்கு வழி இருக்கிறது, சில மாதம் பொறுமை வேண்டும், அவ்வளவே.

பொறுமைக்கு இன்னொரு காரணமும் உண்டு. இன்றைக்கே கடன் எடுத்தால் வீட்டுத் தவணை 8,114, ஆட்டோ தவணை 7,500, இரண்டும் சேர்ந்து உங்கள் வருமானத்தில் பாதியைத் தொடும். அந்தக் கணக்கைப் பார்த்தால் மேலாளர் தொகையைக் குறைப்பார். ஆட்டோ கடன் எட்டு மாதத்தில் முடிகிறது. வாரிசுச் சான்றிதழ், இரண்டு பத்திரம், பட்டா மாற்றம் என்று காகித வேலையும் ஏறக்குறைய அவ்வளவு நாள் இழுக்கும். இரண்டும் ஒன்றாக முடியட்டும். ஆட்டோ தவணையை ஒரு மாதம் கூடத் தள்ளிப் போடாதீர்கள். உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையை வருடம் ஒரு முறை இலவசமாக எடுக்கலாம், உங்களுடையதையும் மனைவியுடையதையும் எடுத்துப் பாருங்கள். யாருக்காவது ஜாமீன் போட்டிருந்தால் அதுவும் அதில் வந்து நிற்கும். சிறுகடன் கம்பெனியில் வாங்கிய வாரத் தவணைக் கடனும் பதிவாகியிருக்கும்.

வரைபட அனுமதிக்கு முன்பு போல அலைய வேண்டியதில்லை. 2,500 சதுர அடிக்குள் உள்ள மனையில் 3,500 சதுர அடி வரையிலான வீட்டுக்கு 2024 ஜூலை முதல் சுய சான்று முறையில் இணையத்திலேயே அனுமதி கிடைக்கிறது, ஊராட்சிக்கும் இது உண்டு. மேஸ்திரி வாயால் சொன்ன 12 லட்சத்தை வங்கி ஏற்காது. இன்ஜினியர் கையெழுத்துடன் எஸ்டிமேட் வாங்குங்கள். அதில் 13 வந்தாலும் ஆச்சரியப்படாதீர்கள்.

பணம் மொத்தமாகக் கைக்கு வராது என்பதையும் மனதில் வையுங்கள். அஸ்திவாரம், லிண்டல், கான்கிரீட், பூச்சு என்று கட்டம் கட்டமாக, வேலையை வந்து பார்த்த பிறகுதான் விடுவிப்பார்கள். முதல் கட்டத்தை உங்கள் சொந்தப் பணத்தில் முடித்துக் காட்டச் சொல்வது வழக்கம். அந்த 3 லட்சத்தில் பழைய வீட்டை இடிக்கும் செலவு, வாடகை, அஸ்திவாரம் எல்லாம் போய்விடும். இடித்த ஓடு, தேக்கு உத்தரம் இருந்தால் நல்ல விலைக்குப் போகும், மேஸ்திரியிடம் சும்மா விட்டுவிடாதீர்கள்.

நகைக்கு வருகிறேன். 12 லட்சத்தில் உங்கள் 3, கடன் 8 போக ஒரு லட்சம் குறைகிறது. நகையை அந்த ஒரு லட்சத்துக்கு, அதுவும் கடைசிக் கட்டத்தில் மட்டும் வையுங்கள். நகைக்கடன் பெரும்பாலும் ஒரு வருடக் கடன். பதினைந்து வருடத்தில் அடைக்க வேண்டிய செலவை அதில் ஏற்றினால் வருடா வருடம் திருப்பி வைத்து, கடைசியில் ஏல நோட்டீஸ் வரும். மனைவியின் குழு தன் சேமிப்பிலிருந்து உறுப்பினருக்குக் கொடுக்கும் உள்கடன் கிடைத்தால் அந்த ஒரு லட்சத்துக்கு நகையை விட அது நல்லது.

நகை என்றதும் ஒரு விஷயம் ஞாபகம் வருகிறது. 2021இல் கூட்டுறவில் 12,110 கோடி ரூபாய் பயிர்க்கடன் தள்ளுபடி ஆனது, அதன் பிறகு ஐந்து பவுன் நகைக்கடன் தள்ளுபடியும் வந்தது. அந்த நினைப்பில் "கூட்டுறவுக் கடன்தானே, தேர்தல் வரட்டும்" என்று டீக்கடையில் யாராவது உங்களுக்கும் சொல்வார்கள். வீட்டுக்கடனில் அந்தக் கனவு வேண்டாம். தவணை நின்றால் மனைதான் போகும்.

கையெழுத்துப் போடும் நாளில் கடன் காப்பீடு என்று முப்பது நாற்பதாயிரம் சேர்க்கப் பார்ப்பார்கள். எடுப்பது நல்லதுதான், கடன் கொடுப்பவர் காட்டும் பாலிசியைத்தான் எடுக்க வேண்டும் என்பதில்லை. இறந்தால் மட்டும் பணம் வரும் சாதாரண டெர்ம் பாலிசி வெளியே என்ன விலை என்று கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். மாறும் வட்டிக் கடனாக எடுத்தால் கையில் பணம் வரும்போது முன்கூட்டிக் கட்டலாம், அதற்கு அபராதம் கிடையாது. மாட்டை விற்ற வருடம், எள்ளு நன்றாக விளைந்த வருடம் என்று பத்தாயிரம் இருபதாயிரம் அசலில் கட்டுங்கள், கட்டியது அசலில் கழிந்ததா என்று ரசீதைப் பாருங்கள். கடன் முடிந்த முப்பது நாளுக்குள் அசல் பத்திரம் கைக்கு வர வேண்டும். தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் வங்கி தர வேண்டும் என்பது 2023 டிசம்பர் முதல் நடைமுறை, கூட்டுறவு வங்கிக்கும் சேர்த்து.

மனைவி பெயரையும் கடனில் சேர்க்கலாமா என்பது உங்கள் கடைசிக் கேள்வி. தாராளமாக. தையல் வருமானம் அவர் கணக்கில் வந்தால்தான் அதைக் கணக்கில் எடுப்பார்கள். வாடிக்கையாளர்களை இன்றிலிருந்தே ஜிபேயில் அவருடைய எண்ணுக்கு அனுப்பச் சொல்லுங்கள். எட்டு மாதம் கழித்து மேலாளர் முன்னால் உட்காரும்போது காட்ட ஒரு பாஸ்புக் இருக்கும்.